ஒரு கேள்விக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு தண்ணீர்? ஏஐ-யின் சுற்றுச்சூழல் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஜிபிடியிடம் ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் காலி என்கிறது ஒரு ஃபார்வர்ட் செய்தி. ஐந்தே சொட்டுதான் என்கிறது ஒரு நிறுவனத்தின் அறிக்கை. எதை நம்புவது என்று குழம்புபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். மின் அளவுகளுக்கு ஒரு குறிப்பு மட்டும்: ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட்.

ஒரு கேள்விக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் ஆகிறது?

எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் சாதாரணக் கேள்விக்கு ஏறத்தாழ 0.3 வாட்-மணி. 10 வாட் எல்இடி பல்பு இரண்டு நிமிடம் எரிந்தால் ஆகும் செலவு அது.

ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 ஜூனில் 0.34 வாட்-மணி என்று எழுதினார். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அவர் விளக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள், தன் ஏஐ-யான ஜெமினிக்கு 0.24 வாட்-மணி என்று ஒரு கணக்கை வெளியிட்டது. இது கொஞ்சம் பொறுப்பான கணக்கு. சிப் மட்டுமல்லாமல் சும்மா காத்திருக்கும் இயந்திரங்கள், குளிரூட்டும் செலவு எல்லாவற்றையும் சேர்த்திருந்தார்கள். எபோக் ஏஐ என்ற ஆய்வுக் குழு வெளியிலிருந்து மதிப்பிட்டபோதும் 0.3 பக்கம்தான் வந்தது.

கூகுளின் எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சராசரி அல்ல, இடைநிலை. எல்லாக் கேள்விகளையும் மின்செலவு வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் இருப்பது எதுவோ அதன் அளவு. நூறு பக்க ஆவணத்தைக் கொடுத்துச் சுருக்கச் சொல்பவரும், அரை மணி நேரம் நிரல் எழுத வைப்பவரும் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். அவர்கள் எவ்வளவு செலவழித்தாலும் நடுவில் இருக்கும் எண் அசையாது.

கூகுள் தேடலைவிட பத்து மடங்கு என்கிறார்களே?

பழைய கணக்கு. ஒரு தேடலுக்கு 0.3 வாட்-மணி என்று கூகுள் 2009-இல் சொன்னது. சாட்ஜிபிடிக்கு 3 வாட்-மணி வரை ஆகலாம் என்று நெதர்லாந்து ஆய்வாளர் அலெக்ஸ் டி வ்ரீஸ் 2023-இல் மதிப்பிட்டார். பதினான்கு வருட இடைவெளியில் வந்த இரண்டு எண்களை வகுத்து வந்ததுதான் அந்தப் பத்து. மேலும், தேடல் பக்கத்திலேயே ஏஐ எழுதிய சுருக்கம் முதலில் வந்து நிற்கும் காலம் இது. தேடலையும் ஏஐ-யையும் தனித்தனியாக வைத்து ஒப்பிடுவதே கடினமாகிவிட்டது.

தண்ணீர்க் கணக்கு ஏன் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது?

ஆளாளுக்கு வேறு வேறு தண்ணீரை எண்ணுகிறார்கள். கூகுளின் கணக்கில் ஒரு கேள்விக்கு 0.26 மில்லிலிட்டர், அந்த ஐந்து சொட்டு இதுதான். பிரான்ஸின் மிஸ்ட்ரால் நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்ட கணக்கில், சுமார் ஒரு பக்க நீளமுள்ள பதிலுக்கு 45 மில்லிலிட்டர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஷாவோலெய் ரென் குழு 2023-இல் ஓப்பன்ஏஐ-யின் பழைய மாடலான ஜிபிடி-3 பற்றிச் செய்த ஆய்வில், 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர். கடைசியில் சொன்னதைத்தான் ஃபார்வர்ட் செய்தி "ஒரு கேள்விக்கு அரை லிட்டர்" என்று சுருக்கிவிட்டது. பத்து முதல் ஐம்பது மடங்கு வரை ஊதிப்போன எண் அது.

சரி, மீதி வித்தியாசம் எங்கே வருகிறது? ஏஐ ஓடும் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் மையமான டேட்டா சென்டர் மூன்று வழிகளில் தண்ணீர் குடிக்கிறது. முதலாவது, சூடான இயந்திரங்களைக் குளிர்விக்கக் கோபுரங்களில் ஆவியாக்கும் தண்ணீர். இரண்டாவது, அந்த மையத்துக்கு மின்சாரம் தரும் அனல் அல்லது அணுமின் நிலையம் தன் நீராவியைக் குளிர்விக்கச் செலவழிக்கும் தண்ணீர். மூன்றாவது, சிப் தயாரிக்கும் ஆலையில் சிலிக்கான் தகடுகளைக் கழுவப் பயன்படும் மிகத் தூய்மையான தண்ணீர். கூகுள் முதலாவதை மட்டும் எண்ணியது. ரென் குழு முதல் இரண்டையும் எண்ணியது. மிஸ்ட்ரால், இயந்திரத் தயாரிப்பு உள்படப் பிறப்பிலிருந்து இறப்பு வரை எண்ண முயன்றது.

ஆகவே இந்த மூன்றில் ஒன்று பொய், மற்றது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றில் மிகச் சிறியதைத் தேர்ந்து தலைப்பில் போடுவது விளம்பரத்துக்கு வசதியானது என்று சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆவியாக்கிக் குளிர்வித்தால் தண்ணீர் போகும், மின்சாரம் மிச்சமாகும். மூடிய குழாய்க்குள் அதே தண்ணீரைச் சுற்றவிட்டுக் காற்றால் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும். "தண்ணீரே ஆவியாகாத மையம்" என்ற அறிவிப்பைப் படித்தால், அந்தக் கூடுதல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். அது நிலக்கரியிலிருந்து வந்தால், தண்ணீர்ச் செலவு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏஐ மாடலை உருவாக்கும் பயிற்சிக்கு ஆகும் செலவுதான் பெரியது என்று கேள்விப்பட்டேன்.

ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். ஜிபிடி-3-ஐப் பயிற்றுவிக்கச் சுமார் 12.9 லட்சம் யூனிட் மின்சாரம் ஆனது, 552 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானது என்று 2021-இல் கூகுள் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதே அளவுள்ள ப்ளூம் என்ற திறந்த மாடலை (யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்) 2022-இல் பிரான்ஸில் பயிற்றுவித்தார்கள். அதற்கு 4.33 லட்சம் யூனிட் ஆனது. வெளியான கார்பன் டை ஆக்சைடு சுமார் 25 டன்.

இந்த ஜோடியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரச் செலவில் இரண்டுக்கும் மூன்று மடங்குதான் வித்தியாசம். கார்பனிலோ இருபது மடங்குக்கும் மேல். பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு உலைகளிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு 57 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று ப்ளூம் குழு கணக்கெடுத்தது. ஜிபிடி-3 கணக்கில் அது 429 கிராம். எந்தப் பிளக்கில் செருகுகிறீர்கள் என்பது, என்ன ஓட்டுகிறீர்கள் என்பதைவிடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு மாடல்கள் மிகவும் பெருத்துவிட்டன. மிஸ்ட்ராலின் பெரிய மாடல் ஒன்றுக்குப் பயிற்சியும் பதினெட்டு மாதப் பயன்பாடும் சேர்த்து 20,400 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுவும் 28 கோடி லிட்டர் தண்ணீரும் ஆயின. பயிற்சி ஒருமுறை முடியும். பதில் சொல்வது நாள் முழுக்க, கோடிக்கணக்கானோருக்கு நடக்கும். பிரபலமான மாடல்களில் பயன்பாட்டுச் செலவு சீக்கிரமே பயிற்சிச் செலவைத் தாண்டிவிடும்.

படம், வீடியோ உருவாக்கினால்?

இங்கேதான் எண் எகிறும். ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் சாஷா லுச்சோனி குழு பல திறந்த மாடல்களை அளந்து பார்த்தது. ஆயிரம் படங்கள் உருவாக்கச் சராசரியாக 2.9 யூனிட், அதாவது ஒரு படத்துக்குச் சுமார் 3 வாட்-மணி. மேலே சொன்ன எழுத்துக் கேள்வியைப் போலப் பத்து மடங்கு.

வீடியோ இன்னும் மோசம். எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ பத்திரிகை 2025-இல் ஒரு திறந்த மாடலை வைத்து அளந்தபோது, ஐந்தே விநாடி வீடியோவுக்கு 34 லட்சம் ஜூல் ஆனது. கிட்டத்தட்ட ஒரு யூனிட். அதே 10 வாட் பல்பு நான்கு நாள் இடைவிடாமல் எரியலாம். மூவாயிரம் எழுத்துக் கேள்விகளுக்குச் சமம். அப்புறம், யாரும் ஒரே முறையில் நிறுத்துவதில்லை. கை சரியாக வரவில்லை, வெளிச்சம் பிடிக்கவில்லை என்று ஏழெட்டு முறை திரும்ப ஓட்டுவார்கள்.

"யோசித்துப் பதில் சொல்லும்" மாடல்களும் இந்தப் பக்கம்தான் சேரும். அவை பதிலுக்கு முன்னால் உள்ளுக்குள் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கின்றன. அந்த எழுத்துக்கும் மின்சாரம் ஆகிறது. மியூனிக்கில் 2025-இல் நடந்த ஓர் ஆய்வு 14 மாடல்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டது. சுருக்கமாகப் பதில் சொன்ன மாடலைவிட யோசிக்கும் மாடல் 50 மடங்கு வரை அதிகக் கார்பன் வெளியிட்ட இடங்கள் இருந்தன. ஒரு மின்னஞ்சலில் எழுத்துப்பிழை திருத்த இந்த வசதி தேவையில்லை.

"நன்றி" சொன்னால்கூட மின்சாரம் வீணாம், உண்மையா?

ஆகும், ஆனால் மிகக் கொஞ்சம். தயவுசெய்து, நன்றி என்பவற்றுக்குப் பல கோடி டாலர் ஆகிறது என்று ஆல்ட்மன் 2025 ஏப்ரலில் எக்ஸ் தளத்தில் வேடிக்கையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு செய்திகள் வந்தன. கேள்வியோடு சேர்த்து "தயவுசெய்து" என்று எழுதினால் கூடுதல் செலவு கணக்கில் எடுக்க வேண்டிய அளவே இல்லை. மரியாதையைக் குறைத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டாம்.

தனித்தனியாக இவ்வளவு சிறியது என்றால், பிறகு எதற்கு இவ்வளவு கூச்சல்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாட்ஜிபிடிக்கு ஒரு நாளில் 250 கோடி கேள்விகள் வருவதாக ஓப்பன்ஏஐ 2025-இல் சொன்னது. ஆல்ட்மன் சொன்ன 0.34-ஆல் பெருக்கினால் நாளுக்கு 8.5 லட்சம் யூனிட், ஆண்டுக்குச் சுமார் 31 கோடி யூனிட். 2024-இல் உலகின் எல்லா டேட்டா சென்டர்களும் சேர்ந்து செலவழித்தது சுமார் 41,500 கோடி யூனிட் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அதாவது சாட்ஜிபிடியின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கைக் காட்டி "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்பவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த 41,500 கோடி, உலக மின்நுகர்வில் 1.5 சதவீதம். அதில் பெரும்பகுதி இன்னமும் மின்னஞ்சல், வீடியோ தளம், வங்கிப் பரிவர்த்தனை போன்ற சாதாரண வேலைகளுக்குத்தான். ஆனால் 2030-க்குள் அது சுமார் 94,500 கோடி யூனிட்டாக உயரும் என்று அதே முகமை எதிர்பார்க்கிறது. இன்று ஜப்பான் முழுவதும் செலவழிப்பதைவிடச் சற்று அதிகம். அந்த உயர்வுக்கு முக்கியக் காரணமாக அது சொல்வது ஏஐ-யைத்தான். நான் கேட்ட கேள்விக்கான செலவை மட்டும் எண்ணினால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது. பயிற்சி, தோற்றுப்போன சோதனைகள், யாரும் கேட்காமலே எல்லாச் செயலிகளிலும் நுழைக்கப்படும் ஏஐ வசதிகள், மனிதர் யாரும் எதிரில் இல்லாமல் தானாகவே மாடலை நூறு முறை கூப்பிடும் ஏஜென்ட்கள் என்று அது பல இடங்களில் பரவிக் கிடக்கிறது.

உலகத்தில் 1.5 சதவீதம் என்றால் சமாளித்துக்கொள்ள முடியாதா?

உலகம் சமாளிக்கலாம். மையம் கட்டப்படும் ஊர்தான் திணறுகிறது. அயர்லாந்தில் 2024-இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 22 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. அமெரிக்காவில் 2023-இல் 4.4 சதவீதம், அதிலும் வடக்கு வர்ஜீனியாவில் மையங்கள் குவிந்து கிடக்கின்றன. மின்நிலையமும் கம்பித்தடமும் கட்டப் பல வருடமாகும். டேட்டா சென்டரை இரண்டே வருடத்தில் எழுப்பிவிடலாம். அந்த இடைவெளியை நிரப்பக் கையில் கிடைப்பதையெல்லாம் ஓட்டுகிறார்கள். டென்னசி மாநிலம் மெம்பிஸில் எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் தன் மையத்துக்கு எரிவாயு டர்பைன்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. காற்று கெடுகிறது என்று அக்கம்பக்கத்தினர் எதிர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 2019-இல் மூடப்பட்ட த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் முதலாவது உலையை மறுபடி இயக்க, இருபதாண்டு மின் கொள்முதல் ஒப்பந்தத்தை 2024-இல் போட்டது. (1979-இல் விபத்துக்குள்ளானது பக்கத்திலுள்ள இரண்டாவது உலை.)

தண்ணீரிலும் இதே கதைதான். ஆரெகன் மாநிலத்தின் தி டாலஸ் ஒரு சின்ன ஊர். அங்கே கூகுள் மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி, தகவலைத் தராமலிருக்க ஊர் நிர்வாகமே நீதிமன்றம் போனது. 2022 கடைசியில் விவரம் வெளியே வந்தபோது, ஊரின் மொத்தத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அந்த மையத்துக்குப் போவது தெரிந்தது. ஐந்து சொட்டு என்ற எண்ணும் இந்தக் கால் பங்கும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. அளக்கும் இடம்தான் வேறு.

100 சதவீதம் பசுமை மின்சாரம் என்று நிறுவனங்கள் சொல்கின்றனவே?

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, தன் லாமா 3.1 மாடல்களின் பயிற்சியால் வெளியான கார்பனுக்கு இரண்டு எண்களைப் போட்டது. மையங்கள் இருக்கும் இடத்து மின்கட்டமைப்பை வைத்துப் பார்த்தால் 11,390 டன். சந்தை முறையில் பார்த்தால் சுழியம். இரண்டும் விதிப்படி சரியானவை. சந்தை முறையில், வேறெங்கோ காற்றாலையிலோ சூரியப் பூங்காவிலோ உற்பத்தியான மின்சாரத்துக்குப் பணம் கொடுத்து, ஆண்டு முடிவில் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நள்ளிரவில் மையம் ஓடியது எரிவாயு மின்சாரத்தில் என்றாலும் பகலில் வாங்கிய சூரிய மின்சாரம் அதை அழித்துவிடும்.

அந்தக் கொள்முதலால் புதிய சூரியப் பூங்காக்கள் வருவது உண்மை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மணிக்கு மணி, அதே மின்கட்டமைப்பில் கார்பன் இல்லாத மின்சாரத்தால் ஈடுசெய்வோம் என்ற கடினமான இலக்கைக் கூகுள் வைத்திருக்கிறது. 2024-இல் அது எட்டியது 66 சதவீதம். "100 சதவீதம்" என்பதைவிட இந்த 66-ஐத்தான் நான் நம்புவேன்.

தொழில்நுட்பம் வளர வளரச் செலவு குறைந்துவிடாதா?

ஒரு கேள்விக்கான செலவு குறைகிறது, அதுவும் வேகமாக. ஓராண்டில் 33 மடங்கு குறைத்தோம் என்கிறது கூகுள். அதே கூகுளின் டேட்டா சென்டர்கள் 2024-இல் முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் அதிக மின்சாரம் எடுத்தன. நிலக்கரி எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று 1865-இல் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சொன்னார். மலிவானால் புதுப்புதுப் பயன்பாடுகள் முளைக்கும் என்பதே காரணம். 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் மலிவான மாடலோடு வந்தபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா இதே ஜெவன்ஸை மேற்கோள் காட்டினார். அவருக்கு அது நல்ல செய்தி: இன்னும் நிறையப் பேர் பயன்படுத்துவார்கள்.

இயந்திரங்கள் என்ன ஆகின்றன?

சில ஆண்டுகளில் பழசாகி வெளியே வருகின்றன. ஏஐ-யால் 2020 முதல் 2030 வரை 12 லட்சத்திலிருந்து 50 லட்சம் டன் வரை மின்கழிவு சேரலாம் என்று 2024-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2022-இல் உலகம் எறிந்த மொத்த மின்கழிவு 6.2 கோடி டன். ஆகவே கைபேசியை ஆண்டுதோறும் மாற்றுபவர், ஏஐ மின்கழிவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தன் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம்.

காலநிலை மாற்றத்தைத் தடுக்கவே ஏஐ உதவும் என்கிறார்களே?

சில இடங்களில் உதவுகிறது. வானிலைக் கணிப்பு, மின்கட்டமைப்பைச் சமன்செய்வது போன்றவை நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேலைக்கென்று செய்த சிறிய மாடல்கள். அவற்றின் புண்ணியத்தை வீடியோ உருவாக்கும் மாடலின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

நான் ஏஐ பயன்படுத்துவதை நிறுத்த வேண்டுமா?

நாளுக்கு நூறு எழுத்துக் கேள்வி கேட்டாலும் ஆண்டுக்கு 11 யூனிட்தான். உங்கள் விமானப் பயணம், வாகனம், ஏசி ஆகியவற்றின் பக்கத்தில் இது தெரியவே தெரியாது. ஏஐ-யை விட வேறு காரணங்கள் உங்களுக்கு இருக்கலாம். மின்சாரத்துக்காக மட்டும் எழுத்துக் கேள்விகளைக் கைவிட்டுப் பெரிய பலனில்லை.

வீடியோ வேறு விஷயம், அங்கே கை கொஞ்சம் இறுகலாம். யோசிக்கும் வசதியைத் தேவைப்படும்போது மட்டும் இயக்கலாம். முழு நாவலையும் ஒட்டி ஒரு வரிச் சந்தேகம் கேட்காமல், அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டலாம். நிரல் எழுதுபவர்கள் ஏஜென்டை இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போவதைப் பற்றி யோசிக்கலாம். இவற்றைவிடப் பெரிய செல்வாக்கு, அலுவலகத்தில் ஆயிரம் பேருக்கு ஏஐ சந்தா வாங்கும் முடிவெடுப்பவரிடம் இருக்கிறது.

அப்படி வாங்குபவர் எந்த நிறுவனம் நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியான எண்களை வைத்து நேரடியாக வரிசைப்படுத்த முடியாது. ஒவ்வொருவரும் எல்லையை வேறிடத்தில் வரைகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி, 2025 ஆகஸ்ட் முதல் சந்தைக்கு வரும் பொதுப் பயன்பாட்டு மாடல்களின் எரிசக்திச் செலவை நிறுவனங்கள் ஆவணப்படுத்தி வைக்க வேண்டும். ஆனால் அந்த ஆவணம் அதிகாரிகளுக்கானது, மக்கள் பார்வைக்கானது அல்ல. 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே தனி விதியும் உண்டு.

எனவே விற்க வருபவரிடமே கேட்டுவிடுவது நல்லது. கார்பன் எண் இடத்தை வைத்ததா, சந்தையை வைத்ததா? ஒரு கேள்விக்கான செலவு இடைநிலையா, சராசரியா? தண்ணீரில் மின்நிலையத்துடையதும் சேர்ந்திருக்கிறதா? எங்கள் கேள்விகள் எந்த ஊர் மையத்துக்குப் போகின்றன? இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் தர மறுத்தால், அதையும் ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டில் ஒரு மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள்.